கண்ணாடிக்குள் ஒளிர்ந்த மின்சாரம்: குறைந்த அழுத்த வாயுக்களில் நடந்த ஆரம்பகாலச் சோதனைகள் – படிப்படியான முழு வழிகாட்டி

பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்டரைச் செருகுகிறோம். கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வெளிச்சம். பல்பில் இருப்பதுபோல் அங்கே சூடாகி ஒளிரும் இழை ஏதும் இல்லை. விரல் நுனி அளவுள்ள கண்ணாடிக் கூட்டில், இரண்டு உலோகக் குச்சிகளுக்கு நடுவே, குறைந்த அழுத்தத்தில் அடைத்த நியான் வாயு ஒளிர்கிறது. அந்தத் துளி வெளிச்சத்துக்குப் பின்னால் 1675 முதல் 1897 வரை நீண்ட ஒரு தேடல் இருக்கிறது. அதன் முடிவில்தான் எலக்ட்ரான் கிடைத்தது.

பள்ளியில் இதை ஒரு படமாகப் படித்திருப்போம்: நீண்ட குழாய், இரண்டு மின்வாய்கள், ஃபாரடே இருண்ட பகுதி, குரூக்ஸ் இருண்ட பகுதி. பெயர்களை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. அந்த இருட்டும் வெளிச்சமும் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. சோதனைகளை நடந்த வரிசையிலேயே பின்தொடர்ந்தால் விடை தானாகத் தெரியும். மின்சாரக் கருவிகளைவிடக் காற்றை வெளியேற்றும் பம்பின் மீது கண் வைத்திருங்கள். பம்பு ஒரு படி மேம்பட்ட ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் புதிதாக ஒன்று தென்பட்டது.

தொடங்கும் முன்

இந்தச் சோதனைகளில் மூன்றை மட்டும் வீட்டில் செய்யலாம்; அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மற்றவற்றை வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள், அல்லது ஆசிரியர் உடனிருக்கக் கல்லூரி ஆய்வகத்தில் பாருங்கள். தூண்டுசுருள் (குறைந்த மின்னழுத்தத்தை மிக உயர்ந்ததாக மாற்றும் கம்பிச்சுருள்) தரும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆளைக் கொல்லக்கூடும். காற்று நீக்கிய கண்ணாடிக் கலம் உடைந்தால் சில்லுகள் உள்நோக்கிச் சிதறி எகிறி வெளியே பாயும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உயர் வெற்றிடக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எக்ஸ் கதிர் வரும். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இந்தக் குழாய்களோடு உழன்று, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். முன்னோடிகளுக்கு இந்த ஆபத்து தெரியாது. நமக்குத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் எவ்வளவு தூரம் போகும்? சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் சுமார் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. திருவிழாக் கூட்டத்தில் அடி எடுத்து வைக்க முடியாத நிலை. காற்றைக் குறைத்தால் அதே விகிதத்தில் இந்தத் தூரம் கூடும். சாதாரணக் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதாவது அவ்வளவு உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம். அதை 1 மி.மீ. ஆக்கினால் மோதாமல் போகும் தூரம் 0.05 மி.மீ.; 0.01 மி.மீ. ஆக்கினால் 5 மி.மீ.; காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்கினால் சுமார் 7 செ.மீ. எலக்ட்ரானுக்கு இந்தத் தூரம் இன்னும் சில மடங்கு அதிகம்.

மின்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான் ஓட ஓட வேகம் பிடிக்கிறது. ஓட இடமில்லை என்றால் வேகம் பிடிப்பதற்குள் மோதி நின்றுவிடும். ஓட்டத்துக்குப் போதிய இடம் கிடைத்தால், மோதும்போது வாயு அணுவை ஒளிர வைக்கும், அல்லது அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும். அப்படிப் பிய்ந்தவை மேலும் பலவற்றைப் பிய்க்கும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே கணக்கை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

படி 1: இருட்டில் பாதரசம் – 1675

பூமியின் அளவைத் துல்லியமாகக் கணித்த பிரெஞ்சு வானியலாளர் ஜான் பிக்கார், பாரிஸில் ஓர் இரவு தன் காற்றழுத்தமானியை எடுத்துக்கொண்டு நடந்தார். நடையில் பாதரசம் குலுங்க, அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் மங்கலான ஒளி மின்னியது. ஆட்டினால் வெளிச்சம், நிறுத்தினால் இருட்டு.

கண்ணாடியோடு பாதரசம் உரசி விலகும்போது மின்னூட்டம் பிரிகிறது. பாதரசத்துக்கு மேலுள்ள இடத்தில் மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயுவும் பாதரச ஆவியும் இருக்கின்றன. அவற்றின் ஊடே அந்த மின்னூட்டம் இறங்கும்போது ஒளி வருகிறது. ஆனால் அன்று இதை மின்சாரத்தோடு முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. பாதரசத்துக்குள் ஏதோ ஓர் ஒளிப்பொருள் ஒளிந்திருப்பதாகவே நினைத்தார்கள்.

படி 2: ஹாக்ஸ்பியின் சுழலும் கோளம் – 1705 முதல்

நியூட்டன் தலைவராக இருந்த லண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்து காட்டும் பொறுப்பு பிரான்சிஸ் ஹாக்ஸ்பியிடம் இருந்தது. ஒளிக்குப் பாதரசம்தான் காரணமா என்று அவர் கேட்டார். சோதித்துப் பார்த்தால் விடை கிடைக்கிற கேள்வி இது. அதனாலேயே அவர் மீது எனக்குத் தனி மதிப்பு. காற்று நீக்கிய கலத்துக்குள் பாதரசத்தைப் பீய்ச்சினார். நெருப்பு மழை போல ஒளி கொட்டியது. காற்றை முழுக்க எடுக்காதபோதும் ஒளி வருவதைக் கண்டார். பிறகு பாதரசத்தையே விட்டுவிட்டார்.

சுமார் 9 அங்குல விட்டமுள்ள கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை உறிஞ்சி, அதை ஓர் அச்சில் பொருத்தி, பெரிய சக்கரமும் கயிறும் கொண்டு வேகமாகச் சுழற்றினார். சுழலும் கண்ணாடி மீது உள்ளங்கையை வைத்தார். கோளத்துக்குள் ஊதா ஒளி எழுந்தது. இருட்டறையில் பெரிய எழுத்துகளைப் படிக்க அந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. காற்றை மெல்ல உள்ளே விட்டபோது ஒளி மங்கி, நிறம் மாறி, கடைசியில் மறைந்தது.

இதை வீட்டில் செய்யலாம். எல்.இ.டி. அல்லாத பழைய ட்யூப்லைட் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றி, துடைத்து உலர்த்துங்கள். இணைப்பு எதுவும் வேண்டாம். நன்றாக இருட்டான அறையில் கண் பழக 10 நிமிடம் காத்திருங்கள். பிறகு பாலித்தீன் பையாலோ கம்பளித் துணியாலோ குழாயை நீளவாக்கில் விறுவிறுவென்று தேயுங்கள். கை போகும் இடமெல்லாம் உள்ளே வெளிச்சம் பளிச்சிடும். குழாய்க்குள் சில மி.மீ. அழுத்தத்தில் ஆர்கானும் சிறிதளவு பாதரச ஆவியும் இருக்கின்றன. உள்சுவரில் பூசிய பொடி அந்த ஒளியைப் பிரகாசமாக்குகிறது. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மின்னூட்டம் நிற்காது. ஏ.சி. ஓடிய அறையில் முயன்றால் பலன் கிடைக்கும். குழாய் உடைந்தால் பாதரசம் வெளியே வரும் என்பதால் அழுத்தித் தேய்க்காதீர்கள். சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

படி 3: காற்று கொஞ்சமும் இல்லை என்றால்?

லண்டனில் வில்லியம் வாட்சன் 1752இல் சுமார் 3 அடி நீளக் குழாயில் காற்றைக் குறைத்து, உராய்வு இயந்திரத்தின் மின்சாரத்தைச் செலுத்தினார். குழாய் முழுக்க ஒளி நெளிந்தது; வடதுருவ வானில் தெரியும் ஒளித்திரைகள் அவர் நினைவுக்கு வந்தன. அந்த ஒப்புமை சரியானதே. அங்கும் மெலிந்த காற்றில் மின்துகள்கள் மோதித்தான் ஒளி எழுகிறது.

அப்படியானால் காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் மின்சாரம் மேலும் மேலும் எளிதாகப் பாயுமா? இன்ஷூரன்ஸ் கணக்கீட்டைத் தொழிலாகக் கொண்ட வில்லியம் மார்கன் 1785இல் இதற்கு விடை தந்தார். குழாய்க்குள் பாதரசத்தைக் கொதிக்க வைத்து, ஒட்டியிருந்த காற்றையும் விரட்டினார். அந்த வெற்றிடத்தில் ஒளியும் இல்லை, மின்னோட்டமும் இல்லை. மிகச் சிறிதளவு காற்று கசிந்து நுழைந்தபோது ஒளி திரும்பியது.

கூட்டம் அதிகமானால் ஓட இடமில்லை. ஆளே இல்லாவிட்டால் மோத ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தோதான ஓர் அழுத்தம் இருக்கிறது. ஃபிரெட்ரிக் பாஷென் 1889இல் இதை விதியாக்கினார்: வாயு வழியே மின்சாரம் பாயத் (மின்னிறக்கம்) தொடங்கத் தேவையான மின்னழுத்தம், வாயு அழுத்தத்தையும் மின்வாய்களுக்கு இடையிலான தூரத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. காற்றில் அந்த மின்னழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே போகாது.

படி 4: ஃபாரடே கண்ட இடைவெளி – 1838

மைக்கேல் ஃபாரடே கண்ணாடிக் கலத்துக்குள் இரண்டு பித்தளைத் தண்டுகளை எதிரெதிரே நுழைத்தார். காற்றைக் குறைத்து, தண்டுகளின் முனைகளைத் தொட வைத்து, மின்சாரம் பாயும்போதே மெல்லப் பிரித்தார். எதிர்முனைத் தண்டின் நுனியில் ஒளி படிந்தது. நேர்முனையிலிருந்து ஊதா மூட்டம் கிளம்பி எதிர்முனை நோக்கி நீண்டது. ஆனால் அது எதிர்முனை ஒளியை எட்டவில்லை. நடுவே ஓர் இருண்ட இடைவெளி எப்போதும் மிஞ்சியது.

மின்சாரம் தொடர்ந்து பாய்கிறது, ஆனாலும் ஓரிடத்தில் ஒளி இல்லை. இதை ஒரு குறையாக எண்ணித் தள்ளிவிடாமல், ஒரு தனி நிகழ்வாகப் பதிவு செய்தார் ஃபாரடே. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்ற சொற்களின் ஆங்கில மூலங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே, அது 1834இல்.

படி 5: விடாமல் பாயும் மின்சாரம்

உராய்வு இயந்திரம் ஒரு நொடி பளிச்சிட்டு ஓய்ந்துவிடும். ஒளியை நிதானமாகப் பார்க்க, தொடர்ந்து கிடைக்கும் உயர் மின்னழுத்தம் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் கிடைத்தன. முதலாவது தூண்டுசுருள். பாரிஸில் கருவிகள் செய்துவந்த ஜெர்மானியர் ஹைன்ரிஷ் ரூம்கார்ஃப் அதை 1850களில் செம்மைப்படுத்தினார். 1864இல் அதற்காக 50,000 பிராங்க் பரிசு பெற்றார். இரண்டாவது, எண்ணற்ற மின்கலங்களை வரிசையாக இணைப்பது. லண்டன் ஒயின் வணிகர் ஜான் கேசியட் 3,520 கலங்களை அடுக்கினார். வாரன் டி லா ரூ பின்னர் 11,000 வெள்ளிக் குளோரைடு கலங்கள் வரை போனார்.

மின்கலத்தில் எதற்காக இவ்வளவு உழைப்பு? தூண்டுசுருளின் மின்சாரம் விட்டுவிட்டு வருவது. குழாய்க்குள் நீளும் ஒளித்தம்பத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்த பட்டைகள் அந்தத் துடிப்பால் வந்தவையா, வாயுவின் இயல்பா என்ற சந்தேகம் எழுந்தது. துடிப்பே இல்லாத மின்கலத்திலும் பட்டைகள் தெரிந்தன. வாயுவின் இயல்புதான் என்று உறுதியானது.

படி 6: கைஸ்லரின் பட்டறை – 1855 முதல் 1858 வரை

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிகவும் குறைவாகப் பேசப்படுபவர் ஹைன்ரிஷ் கைஸ்லர். ஜெர்மனியின் பான் நகரில் கண்ணாடி ஊதும் கைவினைஞர். பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்தார். அதுவரை இருந்த பம்புகளில் உருளையும் பிஸ்டனும் தோல் வாஷரும் இருக்கும். தோல் வழியே கசிவு. பிஸ்டன் எட்டாத மூலையில் எப்போதும் கொஞ்சம் காற்று மிஞ்சும். கைஸ்லர் பாதரசத்தையே பிஸ்டனாக்கினார். பாதரசம் கண்ணாடியின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். அதற்கு வாஷர் தேவையில்லை.

அது வேலை செய்யும் விதம்: மேலே திருகுகுழாய் பொருத்திய ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் அடியிலிருந்து 76 செ.மீ.க்கும் அதிக நீளமுள்ள குழாய் இறங்கி, ரப்பர் குழாய் வழியாக ஒரு பாதரசக் கிண்ணத்தோடு சேர்கிறது. கிண்ணத்தை உயர்த்தினால் பாதரசம் குமிழை நிரப்பி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். திருகுகுழாயைத் திருப்பிச் சோதனைக் குழாயோடு இணைத்து, கிண்ணத்தைத் தாழ்த்தினால் பாதரசம் இறங்கும். குமிழில் வெற்றிடம் உண்டாகி, சோதனைக் குழாயின் காற்று அங்கே விரியும். மறுபடி உயர்த்து, வெளியே தள்ளு, தாழ்த்து. குமிழும் சோதனைக் குழாயும் ஒரே கொள்ளளவு என்றால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பாதியாகும். பத்து முறையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 1 மி.மீ.க்கும் கீழே வந்துவிடும்.

அடுத்த சிக்கல், மின்கம்பியைக் கண்ணாடி வழியே உள்ளே கொண்டுபோவது. சூட்டில் உலோகமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிந்தால், ஆறும்போது விரிசல் விடும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த காற்று திரும்ப நுழைந்துவிடும். பிளாட்டினமும் அன்றைய கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவு விரிபவை. அதனால் பிளாட்டினக் கம்பியை உருகிய கண்ணாடியில் பதித்து அடைத்தார்கள். இதன் பிறகு பம்பு இல்லாமலேயே கையில் எடுத்துச் செல்லக்கூடிய குழாய் சாத்தியமானது. சுருள், குமிழ், முடிச்சு என்று பல வடிவங்களில் அவை வந்தன. சிலவற்றில் யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக ஒளிரும்.

பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூலியஸ் பிளூக்கர் இந்தக் குழாய்களுக்குக் கைஸ்லரின் பெயரையே சூட்டினார். நடுவில் நூல்போல மெல்லிய துளை வைத்த குழாயில் ஒளி செறிவாக வரும். அதை முப்பட்டகம் வழியே பார்த்தபோது ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டியது. ஹைட்ரஜனில் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா. 1885இல் யோஹான் பால்மர் ஹைட்ரஜன் கோடுகளின் அலைநீளங்களை ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். 1898இல் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் புதிய வாயு ஒன்றைக் குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தியபோது செக்கச்செவேலென்று எரிந்தது. அதுதான் நம் டெஸ்டரில் இருக்கும் நியான்.

வீட்டில் பார்க்க: பழைய சி.டி. ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் ட்யூப்லைட் அல்லது சி.எஃப்.எல். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். பச்சையும் நீலமும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். இழை பல்பை அதேபோல் பார்த்தால் இடைவெளியே இல்லாத வானவில். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்காதீர்கள், கண் கெட்டுவிடும்.

படி 7: குழாயை நிதானமாக வாசித்தல்

இப்போது ஓர் அடி நீளக் குழாயை மனதில் நிறுத்துங்கள். இரு முனைகளிலும் மின்வாய்கள், 10,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். பம்பு ஓடத் தொடங்குகிறது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. 10 மி.மீ. அருகே படபடவென்ற சத்தத்தோடு நூல்போல் ஊதாக் கீற்றுகள் ஓடும். 2 மி.மீ.யில் சத்தம் அடங்கி, குழாய் முழுக்க மென்மையான இளஞ்சிவப்புத் தம்பம் நிற்கும். 1 மி.மீ. அளவில் எதிர்மின்வாய் அருகே தம்பம் அறுந்து ஃபாரடேயின் இருட்டு பிறக்கும். 0.1 மி.மீ.யில் எதிர்மின்வாயை ஒட்டி இரண்டாவது இருட்டு, குரூக்ஸ் பகுதி, வரும். மிஞ்சிய தம்பம் பட்டை பட்டையாகப் பிளவுபடும். 0.01 மி.மீ.யில் குரூக்ஸ் இருட்டு வளர்ந்து குழாயை விழுங்கிவிடும். வாயுவில் ஒளியே இல்லை. ஆனால் கண்ணாடிச் சுவர் பச்சையாக மினுங்கும்.

காரணம் இதுதான். எலக்ட்ரானை இழந்த வாயு அணுக்களான நேர் அயனிகள் எதிர்மின்வாயில் மோதி எலக்ட்ரான்களை உதிர்க்கின்றன. அவை ஓடி வேகம் பிடிக்கும் பாதை குரூக்ஸ் இருட்டு. போதிய வேகத்தில் மோதத் தொடங்கும் இடம் பிரகாசமான எதிர்முனை ஒளி. மோதிக் களைத்து, ஒளிர வைக்கும் ஆற்றல் இழந்த இடம் ஃபாரடே இருட்டு. மறுபடி வேகம் சேர்த்து ஒளிர வைக்கும் நீண்ட பகுதி நேர்முனைத் தம்பம். அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு ஓட்டமும் நீள்கிறது. அதனால் இருட்டும் நீள்கிறது.

மின்வாய்களை நெருக்கிக்கொண்டே வந்தால் முதலில் கரைவது நேர்முனைத் தம்பம். எதிர்மின்வாயை ஒட்டிய பகுதிகள் அப்படியே இருக்கும். நம் வீட்டு ட்யூப்லைட் முழுக்க நேர்முனைத் தம்பம். டெஸ்டரில் மின்வாய்கள் மிக நெருக்கம். அங்கே தெரிவது எதிர்முனை ஒளி மட்டுமே.

இதைச் சரிபார்க்கலாம். பெரியவர் ஒருவர் டெஸ்டரை வழக்கம்போல் பிளக் பாயிண்டில் பிடித்திருக்க, இன்னொருவர் மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கட்டும். கண்ணுக்கு இரண்டு குச்சிகளும் சேர்ந்து எரிவதாகத் தெரியும். வீடியோவில் ஒன்று மாற்றி ஒன்று எரியும். மாறுமின்சாரத்தில் நொடிக்கு 50 முறை ஒவ்வொரு குச்சியும் எதிர்முனையாகிறது. எதிர்முனையான குச்சியில் மட்டும் ஒளி படிகிறது.

படி 8: நிழலைப் பிடித்தவர்கள் – 1858 முதல் 1879 வரை

எதிர்மின்வாய் அருகே கண்ணாடி பச்சையாக ஒளிர்வதையும், காந்தத்தைக் கொண்டுவந்தால் அந்த ஒளி இடம் மாறுவதையும் பிளூக்கர் கண்டிருந்தார். அவருடைய மாணவர் யோஹான் ஹிட்டார்ஃப் 1869இல் எதிர்மின்வாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு பொருளை வைத்தார்; பச்சை ஒளியில் அதன் நிழல் விழுந்தது. எதிர்முனையிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் பாய்கிறது. 1876இல் ஓய்கன் கோல்ட்ஷ்டைன் அதற்கு எதிர்முனைக் கதிர் என்று பெயர் வைத்தார்.

இதற்குள் பம்பு இன்னொரு படி ஏறியிருந்தது. ஹெர்மன் ஷ்ப்ரெங்கல் 1865இல் அமைத்த பம்பில் ஒரு மெல்லிய குழாய் வழியே பாதரசம் துளித்துளியாக விழும்; இரண்டு துளிகளுக்கு நடுவே சிக்கிய காற்று அதோடு இறங்கிப் போய்விடும். மணிக்கணக்கில் காத்திருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை எட்டலாம். இப்போது முதலில் போட்ட கணக்கைப் பாருங்கள்: 7 செ.மீ. ஓட்டம். குழாயின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க தூரம்.

அந்த வெற்றிடத்தில்தான் வில்லியம் குரூக்ஸ் தன் புகழ்பெற்ற குழாய்களை 1879இல் ஷெஃபீல்டில் அவையோர் முன் காட்டினார். உலோகச் சிலுவையின் கூர்மையான நிழல் பச்சைச் சுவரில் விழுந்தது. கண்ணாடித் தண்டவாளத்தில் சின்னச் சக்கரம் ஒன்று உருண்டது. கதிரின் உந்துதலே சக்கரத்தைத் தள்ளுகிறது என்றார் குரூக்ஸ். அது தவறு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார்; கதிர் பட்ட பக்கம் சூடாகி, மிஞ்சிய வாயுதான் தள்ளியது. சக்கரச் சோதனையை இன்றும் உந்துதலுக்குச் சான்றாகச் சொல்லும் பாடக்குறிப்புகள் இருக்கின்றன. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

படி 9: கதிரா, துகளா?

ஜெர்மானிய அறிஞர்களில் பலர் இது ஒளியைப் போன்ற அலை என்றார்கள். ஆங்கிலேயர்கள் மின்னூட்டம் பெற்ற துகள் என்றார்கள். துகள் என்றால் மின்புலத்தில் வளைய வேண்டும். ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1883இல் கதிரின் இருபுறமும் தகடுகள் வைத்து மின்னழுத்தம் கொடுத்தார். கதிர் அசையவில்லை. மாபெரும் சோதனையாளரின் கையில் கிடைத்த இந்த முடிவு அலைக் கட்சிக்குப் பலம் சேர்த்தது.

1897இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் தாம்சன் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். குழாயை ஊதித் தந்தவர் அவருடைய உதவியாளர் எபனேசர் எவரெட். முதலில் தாம்சனுக்கும் கதிர் வளையவில்லை. குழாயில் மிஞ்சிய வாயுவைக் கதிரே மின்கடத்தியாக்குகிறது, அந்த மின்னூட்டங்கள் தகடுகளின் விளைவை மறைத்துவிடுகின்றன என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியென்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்னும் காற்றை எடுக்க வேண்டும். எடுத்தார்கள். குழாயின் முனையில் ஓர் அளவுகோலை ஒட்டி, அலுமினியத் தகடுகளை மின்கலங்களோடு இணைத்தார்கள். கதிர் பட்ட இடத்தில் ஒளிர்ந்த பச்சைப் புள்ளி நகர்ந்தது. தகடுகளுக்கு இடையே வெறும் 2 வோல்ட் இருந்தபோதும் அந்த நகர்வை அளவுகோலில் காண முடிந்தது. கதிர் மின்னூட்டம் பெற்ற துகள்தான். அந்தத் துகளைத்தான் நாம் எலக்ட்ரான் என்கிறோம்.